இன்னைக்கு வேண்டாம்

அமராவதிபுதூர்
12.6.2025

திரு. சேவுகப்பெருமாள் அவர்களுக்கு,

நலம். நீங்களும் நலமாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன்.

போனில் பேசினால் மூன்றாவது வாக்கியத்தில் சண்டை வருகிறது, எதுவானாலும் எழுதிக்கொள்வோம் என்று பிரிந்தபோது முடிவு செய்தோம். இந்த எட்டு வருடத்தில் நான் எழுதியது இரண்டு கடிதம். அப்பா இறந்தபோது ஒன்று. வாக்காளர் பட்டியலில் உங்கள் பெயரை என்ன செய்வது என்று கேட்டு இன்னொன்று. அதற்கு நீங்கள் பதில் எழுதவில்லை. பெயர் அப்படியே இருக்கிறது. அதனால்தானோ என்னவோ, செவ்வாய்க்கிழமை உங்களைத் தேடிக்கொண்டு போலீஸ் இங்கே வந்தது.

கல்லூரி திறக்க இன்னும் சில நாள் இருக்கிறது. சாப்பிட்டுவிட்டுப் படுத்திருந்தேன். யாரோ "டீச்சர்" என்று கூப்பிட்டார்கள். பாதித் தூக்கத்தில் எழுந்து, பாதித் தூக்கத்திலேயே கம்பிக்கதவைத் திறந்து "வாங்க" என்றும் சொல்லிவிட்டேன். நம் ஊர்ப் பக்கம் வாசலில் நிற்கிறவரை வாங்க என்று சொல்லாவிட்டால் அது பகை. நம் கல்யாணத்தில் தன்னை யாரும் வாங்க என்று கேட்கவில்லை என்று உங்கள் பெரியம்மா பதினைந்து வருடம் இந்த வீட்டுப் படி ஏறவில்லை. அந்தப் பயம் இன்னும் என் நாக்கில் இருக்கிறது.

ஒரு இன்ஸ்பெக்டர், இரண்டு போலீஸ்காரர்கள். நாற்காலி போட்டேன். மோர் கொடுத்தேன். வயதான போலீஸ்காரர் மருதுபாண்டிக்கு முழங்கால் வலி. "நல்ல மோரு டீச்சர், பெருங்காயம் போட்டிருக்கீக" என்றார்.

"என்ன விஷயம்?" என்று கேட்டேன்.

"ஒண்ணுமில்ல டீச்சர். சாரோட பழைய பேப்பரு, நோட்டு ஏதும் கெடக்கான்னு சும்மா ஒரு பார்வை" என்றார் இன்ஸ்பெக்டர்.

அந்தச் சும்மா ஒன்றேகால் மணி நேரம் நடந்தது. பருப்பு டப்பா, துணி அலமாரி, அப்பாவின் மருந்துப்பெட்டி எல்லாவற்றையும் பார்த்தார்கள். நான் செய்தித்தாளுக்கு நடுவே உலர்த்தி வைத்திருக்கும் செடிகளை எடுத்து, "இது என்ன டீச்சர், கஞ்சாவா?" என்று கேட்டார் இளையவர். கொழுஞ்சி என்றேன். மூலிகையா என்றார். களை என்றேன். கொஞ்சம் ஏமாற்றம்தான் அவருக்கு. தாள்களை மொத்தமாகச் செங்குத்தாகப் பிடித்தார். அடுத்த தாளிலிருந்த நீர்முள்ளிப் பூ உதிர்ந்து விழுந்தது. இருபத்தாறு வருடத்துப் பூ.

கடைசியில் உங்கள் அறைக்கு வந்தார்கள். சாலைப்பக்கத்து அறை. நீங்கள் பூட்டிவிட்டுப் போன நாளிலிருந்து நான் திறக்கவில்லை. வாசற்படி வரை பெருக்குவதோடு சரி.

"சாவி?"

"அவர்கிட்ட இருக்கு."

பொய். சாவி காலண்டருக்குப் பின்னால், என் தோளுக்கு இரண்டடி தூரத்தில் தொங்கியது. அடுத்த தடவை வரும்போது சாவி வாங்கி வைக்கச் சொல்லிவிட்டு ஒரு தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். 'எனது முழுச் சம்மதத்துடன்' என்று அதில் இருந்தது. படித்துப் பார்த்துவிட்டுத்தான் போட்டேன்.

முனைவர் பட்டம், இருபத்துமூன்று வருடம் கல்லூரி வேலை. மாட்டேன் என்று ஒரு சொல் இருப்பதே எனக்கு நினைவு வரவில்லை. பொய்தான் வந்தது. அது எனக்குப் பிடிக்கவில்லை.

அந்த அறையில் என்ன இருக்கிறது? தெரிந்தால் எழுதுங்கள்.

ஞானபூரணி

•

தாண்டிக்குடி
16.6.2025

அன்புள்ள பூரணிக்கு,

உன் கடிதம் இன்று மத்தியானம் வந்தது. நாலு தடவை படித்தேன். கையெழுத்து இன்னும் சாயாமல் நிற்கிறது.

இங்கே மழை இல்லை, பனிமூட்டம்தான். மூன்று மணிக்கெல்லாம் காப்பித் தோட்டத்தில் இறங்கி, ஜன்னல் வழியே உள்ளே வந்து கட்டிலில் உட்கார்ந்துகொள்கிறது. யாரையும் கேட்பதில்லை. தலையணை, துண்டு, காகிதம் எல்லாம் நமுத்துக் கிடக்கின்றன. நீ அனுப்பிய காகிதம் மட்டும் இன்னும் காரைக்குடி வெயிலோடு மொடமொடவென்று இருக்கிறது.

விஷயத்துக்கு வருகிறேன். சர்வேயர் வேலையில் நான் இருந்த கடைசி வருடம், கண்மாயில் சவுடு மண் அள்ளுகிறார்களே, எவ்வளவு ஆழம் என்று அளந்தேன் அல்லவா. மூன்றடிக்கு அனுமதி, பதினேழடி தோண்டியிருந்தார்கள். அளவுச் சங்கிலி பிடிக்கவும், அளவைப் பார்த்துக் கையெழுத்துப் போடவும் ஊர்க்காரர்கள் பதினோரு பேர் துணிந்து வந்தார்கள். அந்த அளவுப் புத்தகம்தான் அறையில் இருக்கிறது.

இப்போது விவசாயிகள் மதுரையில் உயர் நீதிமன்றத்துக்குப் போயிருக்கிறார்கள். நான் பொய்க் கையெழுத்துத் தயாரித்தேன் என்று மண் அள்ளியவர்கள் என் மேல் புகார் கொடுத்திருக்கிறார்கள். போன மாதம் இங்கேயும் வந்து தேடினார்கள். அந்தப் பதினோரு பேர் யார் என்று இதுவரை வெளியே தெரியாது. புத்தகம் ஸ்டேஷனுக்குப் போனால் பொழுது சாய்வதற்குள் பெயர்கள் லாரிக்காரர்கள் கையில் இருக்கும். ஆடு மேய்க்கும் சின்னக்கருப்பை உனக்குத் தெரியும். அவர் ஆட்டுக்கிடை போடுவதே அந்த லாரிக்காரர்கள் நிலத்தில்தான்.

நீ சட்டம் தெரிந்துகொள்ள வேண்டும். நீதிமன்ற வாரண்ட் கொண்டுவந்தால் திறந்துதான் ஆக வேண்டும். வாரண்ட் இல்லாமல், அவசரம் என்றும் வரலாம். ஆனால் என்ன அவசரம், எதைத் தேடுகிறோம் என்று முன்னதாகவே எழுதி வைத்திருக்க வேண்டும். அக்கம்பக்கத்தில் இருவர் சாட்சி வேண்டும். தேடுவதை முழுக்க வீடியோ எடுக்க வேண்டும். எடுத்துப் போகும் பொருளுக்குப் பட்டியல் எழுதி உனக்கு ஒரு பிரதி தர வேண்டும். இது ஒன்றும் இல்லாமல் 'சும்மா பார்க்கிறோம்' என்றால் அவர்கள் உன் சம்மதத்தைக் கேட்கிறார்கள் என்று அர்த்தம். கேட்டால் இல்லை என்று சொல்லலாம். கையால் தடுக்காதே, வாக்குவாதம் செய்யாதே. சம்மதம் இல்லை என்று சொல். அவ்வளவுதான்.

பயமாக இருந்தால் சொல்லு, நான் கிளம்பி வருகிறேன்.

உன்
பெருமாள்

•

அமராவதிபுதூர்
20.6.2025

சேவுகப்பெருமாளுக்கு,

வகுப்பு நன்றாக எடுக்கிறீர்கள். குறிப்பெடுத்துக்கொண்டேன். பயமாக இருக்கிறது, ஆனால் வர வேண்டாம்.

இந்த நாட்களில் ஒரே கனவு வருகிறது. பிற்பகலில் கண் அயர்ந்தால் போதும். வீட்டுக்குச் சுவர் இல்லை. கதவுகள் மட்டும் சட்டத்தோடு வெயிலில் நிற்கின்றன. ஆட்கள் கதவைத் தட்டாமல் அதன் பக்கத்தால் நடந்து வருகிறார்கள், போகிறார்கள். ஒருவர் கையில் என் பருப்பு டப்பா. ஒருவர் என் தலைமயிரை எடுத்து விரித்துப் பார்த்துவிட்டு மறுபடி தலையில் வைக்கிறார். எல்லோரும் மரியாதையாக இருக்கிறார்கள். நான் ஒவ்வொருவரிடமும் வாங்க, வாங்க என்று சொல்லிக்கொண்டே இருக்கிறேன்.

நேற்று அதில் உங்களையும் பார்த்தேன். அலமாரி முன்னால் எனக்கு முதுகு காட்டி நின்றீர்கள்.

எழுதக் கூடாது என்று இருந்தேன். ஆனால் சம்மதத்தைப் பற்றி நீங்கள் எனக்குப் பாடம் எடுத்த பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை. 2017 மார்ச்சில் நான் கல்லூரிக்குப் போயிருந்த நேரம், என் அலமாரியைத் திறந்து என் களக்குறிப்பேட்டை எடுத்தது யார்? பதினெட்டு வருடம் ஒவ்வொரு மாதமும் அந்தக் கண்மாய்க்குப் போய் என்ன பூத்தது, தண்ணீர் எந்தப் படி வரை நின்றது என்று எழுதி வைத்தேன். அது ஆதாரமாகும் என்று எடுத்துக் கொண்டுபோய் மனுவோடு கொடுத்தீர்கள். தண்ணீர் அளவு மட்டும்தான் பார்த்தேன், மற்றதைப் படிக்கவில்லை என்று அப்புறம் சொன்னீர்கள். நம்புகிறேன். அதனால்தான் மனு விசாரணையில் நாற்பது பேருக்கு நடுவே அந்த அதிகாரி சத்தமாகப் படித்தபோது உங்கள் முகம் அப்படி ஆனது.

'12.11.2006. கரையோரம் ஆம்பல். ஏழாம் படி வரை தண்ணீர். ஆஸ்பத்திரியிலிருந்து நேரே இங்கே வந்தேன். இனிக் குழந்தை வேண்டாம் என்று டாக்டர் சொன்னதை யாரிடமும் சொல்லவில்லை.'

உங்களிடமும் சொல்லவில்லை. எப்போது சொல்வது என்று பதினோரு வருடம் யோசித்துக்கொண்டே இருந்தேன். அது என் யோசனை. அதை நான் முடிக்கும் முன்னே ஒரு தாலுகா ஆபீஸ் மேஜை மேல் முடிந்துவிட்டது. கேட்டிருந்தால் தண்ணீர் அளவை மட்டும் தனியாக நகல் எடுத்துக் கொடுத்திருப்பேன். ஒரு மணி நேர வேலை. ஏட்டைத் திருப்பிக் கேட்டபோது ஆபீஸில் இருக்கிறது என்றீர்கள். ஆபீஸில் கேட்டால் கோர்ட்டில் என்றார்கள். அப்புறம் நான் கேட்பதை விட்டுவிட்டேன்.

பதினோரு பேரின் பெயர் வெளியே போகக் கூடாது என்று இப்போது பதறுகிறீர்கள். அன்றைக்குப் பன்னிரண்டாவதாக ஒருத்தி இருந்தாள்.

போலீஸ் வந்தால் என்ன செய்வது என்பதை நான் முடிவு செய்துகொள்கிறேன்.

ஞானபூரணி

•

தாண்டிக்குடி
25.6.2025

பூரணிக்கு,

மூன்று தாள் எழுதிக் கிழித்தேன். அதில் முக்கால்வாசி விளக்கம்.

நீ எழுதியது உண்மை. உன் அலமாரியைத் திறந்தேன். வீட்டுக்காரன் திறக்கிறேன், நல்ல காரியத்துக்காகத் திறக்கிறேன், இதில் கேட்க என்ன இருக்கிறது என்று நினைத்தேன். போன மாதம் இங்கே என் பெட்டியைத் திறந்த போலீஸ்காரரும் கிட்டத்தட்ட அதே முகத்தோடுதான் திறந்தார்.

சாவியைக் கொடுப்பதும் கொடுக்காததும் உன் இஷ்டம். கொடுத்தால் நான் ஒரு சொல் கேட்க மாட்டேன். பதினோரு பேரிடமும் நான் போய்ச் சொல்லிக்கொள்கிறேன்.

பெருமாள்

•

அமராவதிபுதூர்
4.7.2025

பெருமாளுக்கு,

நேற்று வந்தார்கள். சாயங்காலம் ஐந்து மணி. ஆடிக்காற்று ஆனியிலேயே ஆரம்பித்துவிட்டது. தெரு முழுக்கச் செம்மண் தூசி எழுந்து, ஜீப் ஏதோ தண்ணீருக்கு அடியிலிருந்து மேலே வருவது போல வந்தது.

கல்லூரியிலிருந்து வந்ததும் கம்பிக்கதவைச் சங்கிலி போட்டுப் பூட்டிவிடுகிறேன் இப்போதெல்லாம். போய்ச் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு உள்பக்கம் நின்றேன். நாக்கு நுனி வரை வந்துவிட்டது. வாங்க என்று சொல்லவில்லை. எனக்கு அதுதான் எல்லாவற்றையும் விடக் கஷ்டமாக இருந்தது. மருதுபாண்டிக்கே முகம் வாடிவிட்டது.

"என்ன டீச்சர், கதவு பூட்டிக் கெடக்கு?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"வாரண்ட் இருக்கா சார்?"

"அட, அன்னைக்கு மோரெல்லாம் குடுத்தீக."

"அன்னைக்கு சம்மதிச்சேன். இன்னைக்கு எனக்குச் சம்மதம் இல்ல."

"படிச்ச ஆளு நீங்களே இப்படிப் பேசலாமா? மறைக்க ஒண்ணுமில்லேன்னா எதுக்குப் பயப்படணும்?"

"குளிக்கிறப்ப கதவைச் சாத்துறோம். எதையும் திருடிட்டா சாத்துறோம்?"

இளையவர் சிரித்துவிட்டுச் சட்டென்று இருமினார். அவசரம் என்றால் காரணத்தை எழுதியிருக்க வேண்டுமே, அந்தத் தாளைக் காட்டுங்கள் என்றேன். தாள் ஸ்டேஷனில் இருக்கிறது என்றார். சாட்சி எங்கே என்றேன். ஜீப்பின் பின்னாலிருந்து ஒருவர் இறங்கினார். கையில் ஒரு பை கத்தரிக்காய்.

"இவரு எந்தத் தெரு? நான் பார்த்ததில்லையே."

"நெற்குப்பைங்க டீச்சர். பேரு இராமு" என்று அவரே பதில் சொன்னார். "சார் எந்த ஊருக்குக் கூப்பிட்டாலும் சாட்சிக்கு வந்துருவேன். சார், ஆறு மணி பஸ்ஸு போயிரும் எனக்கு."

அதற்குள் பக்கத்து வீட்டுத் தையல்காரி பெல்சி மதில் மேல் போனைத் தூக்கிப் பிடித்துவிட்டாள். "வீடியோ எடுக்கணும்ல அக்கா? நீங்க பேசுங்க, நான் எடுத்துக்கிருதேன்" என்றாள். இன்ஸ்பெக்டர் தொப்பியைச் சரிசெய்துகொண்டார்.

பிறகு மெதுவாகக் கேட்டார். "கடைசியாக் கேக்குறேன். அந்த ரூம் சாவி உங்ககிட்ட இருக்கா, இல்லையா?"

இதைப் பற்றி நாட்கணக்காக யோசித்திருந்தேன்.

"இருக்கு சார். அன்னைக்கு இல்லேன்னு பொய் சொன்னேன். அது தப்பு. சாவி இருக்கு, தர மாட்டேன்."

வாரண்டோடு வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். வந்தால் திறப்பேன் என்று சொன்னேன். ஜீப் திரும்பித் தூசிக்குள் போய்விட்டது. கத்தரிக்காய்க்காரரை மட்டும் பஸ் நிறுத்தத்தில் இறக்கிவிட்டார்கள் என்று பெல்சி சொன்னாள்.

சங்கிலியை விட்ட பிறகு பார்த்தேன், உள்ளங்கையில் துரு வளையம் வளையமாகப் பதிந்திருந்தது. பெல்சி வந்து டீ போட்டுக் கொடுத்தாள். அவளும் கதவுக்கு வெளியே நின்று, "அக்கா, உள்ள வரலாமா?" என்று கேட்டுவிட்டுத்தான் வந்தாள். விளையாட்டுக்குத்தான் கேட்டாள். எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது.

இதை உங்களுக்காகச் செய்யவில்லை. அந்தப் பதினோரு பேருக்காகக் கொஞ்சம். மீதி எனக்காக.

ஞானபூரணி

•

தாண்டிக்குடி
9.7.2025

அன்புள்ள பூரணிக்கு,

உன் கடிதத்தை எடுத்துக்கொண்டு தோட்டத்தின் மேல்முனை வரை நடந்தேன். இறங்கி வரும்போது வழி தெரியாத அளவுக்குப் பனி. நீ கம்பிக்கதவுக்குப் பின்னால் நிற்பது மட்டும் தெளிவாகத் தெரிந்துகொண்டே இருந்தது.

விவசாயிகளின் வழக்கை நடத்துகிறவர் சத்தியப்பிரியா என்ற வக்கீல். அளவுப் புத்தகத்தை முத்திரை வைத்த உறையில் நீதிமன்றத்தில் ஒப்படைத்துவிடலாம், நீதிபதி மட்டும் பார்ப்பார் என்கிறார். பதினோரு பேரிடமும் ஆள் அனுப்பிக் கேட்டோம். பத்துப் பேர் உடனே சரி என்றார்கள். சின்னக்கருப்பு மூன்று நாள் யோசித்தார். காத்திருந்தோம். நேற்றுத்தான் தலையாட்டினார்.

புத்தகத்தை எடுக்க என் அறையை நீ திறக்க வேண்டும். அதனால் எழுதிக் கொடுக்கிறேன்: சாலைப்பக்க அறையைத் திறந்து, மேஜையின் இடது இழுப்பறையில் உள்ள பச்சை அட்டை அளவுப் புத்தகத்தை எடுத்து வக்கீலிடம் கொடுக்க ஞானபூரணிக்கு முழுச் சம்மதம். அதே நேரம், இதைச் செய்ய மாட்டேன் என்று சொல்லவும் உனக்கு உரிமை உண்டு. வக்கீலிடம் சொன்னால் வேறு ஏற்பாடு செய்வார்.

பெருமாள்

•

அமராவதிபுதூர்
15.7.2025

பெருமாளுக்கு,

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து உங்கள் அறையைத் திறந்தேன். பூட்டு அடம்பிடித்தது. தேங்காயெண்ணெய் விட்டுப் பத்து நிமிடம் காத்திருந்தேன்.

உள்ளே வெளிச்சம் வேறு மாதிரி இருந்தது. ஜன்னல் இடுக்கு வழியாக எட்டு வருடமாக ஒரே கோடாக வந்த வெயில், சுவரில் தொங்கும் நில வரைபடத்தில் ஒரு பட்டையை வெளுக்க வைத்திருக்கிறது. சரியாகக் கண்மாய் இருக்கும் இடம். அங்கே மட்டும் நீலம் போய்க் காகிதத்தின் வெள்ளை தெரிகிறது. தரையில் தூசி மெத்தென்று, யாரும் நடக்காத ஆற்றுமணல் போல. என் காலடி அதில் பதிவதைப் பார்த்துக்கொண்டே மேஜை வரை போனேன். ஆணியில் உங்கள் சட்டை ஒன்று தொங்குகிறது. குளவி அதன் பையில் மண்கூடு கட்டிக் குஞ்சு பொரித்துப் போயும்விட்டது. ரொம்ப நேரம் நின்றேன் என்று நினைக்கிறேன். வெளியே ஐஸ்காரர் மணி கேட்டபோதுதான் நினைவு வந்தது.

இடது இழுப்பறை, பச்சை அட்டை. எடுத்தேன். திறந்து பார்க்கவில்லை. மறுநாள் கல்லூரிக்கு விடுப்புப் போட்டுவிட்டு மதுரைக்குப் போய்ச் சத்தியப்பிரியாவிடம் நேரில் கொடுத்து ரசீது வாங்கினேன். அன்று மதியமே நீதிமன்றத்தில் சேர்த்துவிட்டார். நல்ல பெண். மாமியார் கணக்காக அதிகம் பேசுகிறாள், ஆனால் கேட்டுவிட்டுப் பேசுகிறாள்.

ஒன்று சொல்ல வேண்டும். புத்தகத்துக்கு அடியில் ஒரு பழுப்பு உறை இருந்தது. மேலே உங்கள் கையெழுத்தில் என் பெயர். தடிமனாக, ஏடு போல இருந்தது. உங்கள் கடிதத்தில் அதைப் பற்றி ஒன்றும் இல்லை. தொடாமல் இழுப்பறையை மூடிவிட்டுப் பூட்டிக்கொண்டு வந்தேன்.

பூரணி

•

தாண்டிக்குடி
20.7.2025

அன்புள்ள பூரணிக்கு,

அந்த உறையை நான் மறக்கவில்லை. எழுதத் தைரியம் வரவில்லை.

அதில் இருப்பது உன் களக்குறிப்பேடு. விசாரணை முடிந்து நான் வீட்டைவிட்டுக் கிளம்புவதற்கு முந்தைய நாள்தான் ஆபீஸிலிருந்து வாங்கி வந்தேன். உன்னிடம் கொடுத்தால் உன் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கும். உறையில் போட்டுப் பெயர் எழுதி, கோழை மாதிரிப் பூட்டிவிட்டுப் போனேன். உன் பொருளை உன் வீட்டிலேயே உன்னிடமிருந்து ஒளித்து வைத்திருக்கிறேன். எடுத்துக்கொள் என்று இப்போது நான் உத்தரவு கொடுப்பது இன்னொரு கேவலம். அது உன்னுடையது.

2006-ல் நீ எழுதிய அந்த நாளைப் பற்றி எனக்குக் கேட்க வேண்டியது நிறைய இருக்கிறது. நீ சொல்லாமல் வைத்துக்கொண்டாலும் அது உன் இஷ்டம்தான் என்று இப்போது தெரிகிறது.

ஆகஸ்டு இரண்டாம் தேதி சனிக்கிழமை சாயங்காலம் வருகிறேன். கம்பிக்கதவுக்கு வெளியே நின்று கேட்பேன். அதற்கு மேல் ஒன்றும் இல்லை. வரவே வேண்டாம் என்றால் ஒரு கார்டு போடு.

பெருமாள்

•

அமராவதிபுதூர்
3.8.2025

அன்புள்ள பெருமாளுக்கு,

கார்டு போடவில்லை. போடாததை நீங்கள் எப்படி எடுத்துக்கொண்டிருப்பீர்கள் என்று தெரியும். இருந்தும் நேற்று அப்படி நடந்தது. அதனால் நீங்கள் ஊர் போய்ச் சேரும் முன்பே இந்தக் கடிதம் கிளம்ப வேண்டும் என்று எழுதுகிறேன்.

முதலில் ஊர்ச் செய்தி. போன வாரம் மருதுபாண்டி தனியாக வந்தார், சைக்கிளில், சாதாரண உடையில். கம்பிக்கதவுக்கு வெளியிலேயே நின்றார். "உள்ள வரல டீச்சர், தண்ணி மட்டும் போதும்" என்றார். மோரே கொடுத்தேன், கம்பிகளுக்கு நடுவே. புத்தகம் கோர்ட்டுக்குப் போய்விட்டது, கையெழுத்தைச் சரிபார்ப்பது இனி கோர்ட் வேலை, வாரண்டுக்கு எழுதவே இல்லை, இன்ஸ்பெக்டர் அந்தக் காகிதக்கட்டை மேலே பரணில் போட்டுவிட்டார் என்று சொன்னார். "எங்க வீட்டுல எம்மருமகனே தட்டாமத்தான் உள்ள வாரான் டீச்சர். நீங்க அன்னைக்கு நின்ன மாதிரி எனக்கு நிக்க வராது" என்று சொல்லிவிட்டு டம்ளரைக் கழுவி நீட்டினார். சின்னக்கருப்பு வழக்கமான நிலத்திலேயே கிடை போட்டிருக்கிறார். நேற்று மந்தையைப் பார்த்தேன்.

இனி நேற்று.

நீங்கள் தெருமுனையில் வரும்போதே பார்த்துவிட்டேன். ஒரு தோள்பை, காலில் என்றைக்கும் போல வார் அறுந்த செருப்பு. தலை முழுக்க வெளுத்துவிட்டது, யாரும் எனக்குச் சொல்லவில்லை. கதவில் சங்கிலி இல்லை, வெறும் கொண்டிதான் போட்டிருந்தது. கையை உள்ளே விட்டால் திறந்துவிடலாம் என்று உங்களுக்குத் தெரியும், அந்தக் கொண்டியை மாட்டியதே நீங்கள்தான். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றீர்கள்.

"பூரணி, உள்ள வரலாமா?"

வாங்க என்று சொல்லத்தான் நின்றுகொண்டிருந்தேன். உள்ளே இரண்டு பேருக்கு உலை வைத்திருந்தேன். ஆனால் வாயில் வந்தது வேறு.

"இன்னைக்கு வேண்டாம்."

ஏன் அப்படிச் சொன்னேன் என்று அப்போது எனக்கே தெரியவில்லை. நீங்கள் ஏன் என்று கேட்பீர்கள், மலையிலிருந்து இவ்வளவு தூரம் வந்திருக்கிறேன் என்று சொல்வீர்கள் என்று எதிர்பார்த்தேன். "சரி" என்றீர்கள். அப்புறம், "காத்து ஜாஸ்தியா இருக்கு, மாடித் துணியை எடுத்திரு" என்றீர்கள். திரும்பி நடந்தீர்கள். தூசிக்குள் போகும் வரை பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு தடவைகூடத் திரும்பவில்லை. கோபத்தில் போகிற நடை எனக்குத் தெரியும். அது இல்லை.

உலையை இறக்கிவிட்டு அப்படியே கூடத்தில் படுத்தேன். அதே கனவு. ஆனால் சுவர்கள் வந்துவிட்டிருந்தன. வீடு கண்மாய்க்கு நடுவே நின்றது, சுற்றிலும் ஏழாம் படி வரை தண்ணீர், ஜன்னல் உயரத்துக்கு ஆம்பல். அக்கரையில் யாரோ பை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். கூப்பிட்டால் வரலாம் என்று உட்கார்ந்திருக்கிற மாதிரி. நான் அவசரப்படாமல் வீட்டைப் பெருக்கிக்கொண்டிருந்தேன்.

எழுந்த பிறகுதான் புரிந்தது. போலீஸிடம் மாட்டேன் என்று சொன்னபோது வாரண்டோடு வருவேன் என்று மிரட்டிவிட்டுப் போனார்கள். உங்களிடம் நான் வாழ்நாளில் முகத்துக்கு நேரே மாட்டேன் என்று சொன்னதே இல்லை, சொல்ல இடம் கொடுத்து நீங்கள் எதையும் என்னைக் கேட்டதும் இல்லை. சொன்னால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. ஒன்றும் ஆகவில்லை. நீங்கள் துணியை எடுக்கச் சொன்னீர்கள்.

உறை இன்னும் இழுப்பறையிலேயே இருக்கிறது. அது என்னுடையதுதான், நானே எடுத்துக்கொள்ளலாம்தான். ஆனால் எடுத்தவர் கையால் திரும்பி வர வேண்டும் என்று நினைக்கிறேன். என் முகத்தைப் பார்த்துக் கொடுங்கள். 2006-ஐப் பற்றி நானாகச் சொல்வேன். எப்போது என்று கேட்காதீர்கள்.

வருகிற சனிக்கிழமை ஒன்பதாம் தேதி. பகல் பஸ்ஸுக்கே வந்துவிடுங்கள். கொண்டி எடுத்திருக்கும். இருந்தாலும் வெளியே நின்று கேளுங்கள். வாங்க என்று என் வாயால் சொல்ல வேண்டும்.

உங்கள்
பூரணி

மாடித் துணியை எடுத்துவிட்டேன். ஒரு சேலை மட்டும் பெல்சி வீட்டு முருங்கையில் போய் மாட்டிக்கொண்டது.